ஒன்றேகால் கோடி வாய்கள்

பூச்சியக்கா ஒரே பருவத்தில் ஒன்றேகால் கோடிப் பூச்சிகளுக்கு வாய் துடைத்துவிட்டாள். கைக்குட்டை கிடையாது, தண்ணீர் கிடையாது, ஒரு பூச்சியைக்கூடக் கையால் தொடவில்லை. துடைத்து அனுப்பியதில் ஒன்றாவது திரும்பிப் பார்த்து நன்றி சொல்லவும் இல்லை. உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் பரவாயில்லை. நம்பாதவர்கள் வரிசையில் முதல் இடத்தை அவளுடைய தங்கையின் புருஷன் எப்போதோ துண்டு போட்டுப் பிடித்துவிட்டான். நீங்கள் அவனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

அவளுக்கு வேலை பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில். அசுவினிக்குத் தங்கக்கம்பி ஒட்டுவது. அசுவினி என்பது கடுகில் பாதிகூட இல்லாத ஒரு ஜீவன். ஊசி மாதிரி இருக்கும் வாயை இலையில் குத்திச் சாறு உறிஞ்சிப் பிழைப்பது. அதன் முதுகில் ஒரு பொட்டு வெள்ளிப் பசை வைத்து, தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனுள்ள கம்பியை ஒட்ட வேண்டும். கம்பியின் மறுமுனை ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி செடி நிற்கும் தொட்டி மண்ணுக்குள் போகும். பூச்சி இலையில் வாயைக் குத்திய கணத்தில் அந்தச் சுற்றில் துளி மின்சாரம் ஓடும். கணினித் திரையில் கோடு துள்ளும். துள்ளும் தினுசைப் பார்த்தே அது எச்சில் விடுகிறதா, ருசி பார்க்கிறதா, சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறதா என்று சொல்லிவிடலாம்.

ஒட்டும்போது மூச்சு விடக் கூடாது. விட்டால் பூச்சி பறந்துவிடும், அல்லது கம்பி பறந்துவிடும். காலையில் இழுத்த மூச்சைப் பூச்சியக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே விடுவாள் என்று நிலையத்தில் பேச்சு. லிஃப்ட் ஓடினால் திரையில் கோடு நடுங்கும். அந்த நடுக்கத்தை வைத்து ஏறி வருவது இயக்குநரா, தபால் கொண்டுவருபவரா, அவருக்கு இன்று மூட்டுவலி உண்டா என்பதுவரை சொல்லிவிடுவாள். பதினோரு வருஷத்தில் அவள் கையால் தங்கம் பூட்டிக்கொண்டவர்கள் முப்பதாயிரம் பேர். ஊரில் எந்த நகைக்கடையும் இத்தனை வாடிக்கையைக் கண்டதில்லை.

தங்கையின் புருஷனை அவள் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். பன்னிரண்டு வருஷம் தொலைதூர லாரி ஓட்டியவன். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பான். அதிலும் இரண்டு நாள் தூக்கத்தில் போகும். மகளுக்குப் பேச்சு வந்தபோது குழந்தை அவனைப் பார்த்து மாமா என்று கூப்பிட்டது. அன்றைக்கு லாரிச் சாவியைக் கொண்டுபோய் முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தவன், சாலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துக் குடைமிளகாய் போட்டான்.

இரண்டு பருவம் போட்டான். இரண்டிலும் தேமல் விழுந்தது. இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகப் படர்ந்து, காய் கோபித்துக்கொண்ட முகம்போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. பழைய முதலாளி போன் போட்டு, வண்டி சும்மா நிற்கிறது என்றார். மூன்றாவது பருவமும் இப்படியே போனால் திரும்பி வருகிறேன் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்துவிட்டான். மூன்றாவது பருவம் முடிவதற்குள் அவர் பதில் கேட்பார். வீட்டு வாசலில் அவனுடைய செருப்பு கிடக்குமா கிடக்காதா என்பது மட்டும்தான் தங்கையின் கணக்கு.

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் ஆள் இல்லை. தேமலைப் பரப்புவது அசுவினி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை மருந்தடித்தான். அவன் அடித்த அடியில் அந்த வட்டாரத்து ஈ, கொசு, பல்லி எல்லாம் ஊரைக் காலி செய்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தும்மிய தும்மலில் அவருடைய பல்செட் வேலி தாண்டி விழுந்தது. தேமல் மட்டும் அசையவில்லை.

இரண்டாவது பருவத்தின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பூச்சியக்காவைத் தோட்டத்துக்குள் அழைத்துப்போனான். மரியாதையாகத்தான் பேசினான். அவனுடைய கிண்டல் எப்போதும் மரியாதையில் பொதிந்துதான் வரும்.

"பதினோரு வருஷமா பூச்சியோட குடும்பம் நடத்துறீங்க. இந்தத் தோட்டத்துல ஒரே ஒரு அசுவினி புடிச்சுக் காட்டுங்கக்கா. உங்க மிஷினுக்கு நானே என் மோதிரத்த உருக்கிக் கம்பி இழுத்துத் தரேன்."

அவள் முந்நூறு இலைகளைப் புரட்டினாள். லென்ஸை வைத்துக்கொண்டு, முட்டி போட்டு, பாத்தி பாத்தியாகத் தவழ்ந்தாள். ஓர் அசுவினிகூட இல்லை. மூன்றில் ஒரு செடி தேமலில் நின்றது. மாப்பிள்ளை இதற்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தான்: மருந்து பூச்சியைக் கொன்றுவிட்டது, ஆகவே நோய் பூச்சியால் வரவில்லை, மண்ணிலிருந்து வருகிறது, ஆகவே அக்காவின் பதினோரு வருஷமும் வீண். பூச்சியக்கா முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

ஆனால் போவதற்கு முன்னால் தங்கையின் சமையலறையிலிருந்து ஓர் அடி அகலமுள்ள மஞ்சள் பிளாஸ்டிக் தட்டை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, பாத்தி நடுவில் வைத்துவிட்டுப் போனாள். பறக்கும் பூச்சிக்கு மஞ்சள் என்றால் கண் அங்கேயே போகும். மறுநாள் சாயங்காலம் நிலையத்திலிருந்து நேராக வந்து பார்த்தபோது தட்டில் இருபத்தைந்து அசுவினிகள் மிதந்தன. எல்லாவற்றுக்கும் இறக்கை. லென்ஸில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புல்லில் வாழ்வது, அவரையில் வாழ்வது, ரோஜாவில் வாழ்வது, ஏதோ மரத்தில் வாழ்வது. குடைமிளகாயில் குடியிருக்கும் ஜாதி ஒன்றுகூட இல்லை. எல்லாம் வழிப்போக்கர்கள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. நிலையத்தில் "கோளாறு" என்று சீட்டு ஒட்டிய இழுப்பறை ஒன்று இருந்தது. நினைவு அங்கே போய் நின்றது.

அதன் கதை இது. கம்பி ஒட்டிய அசுவினி இலையில் அமர்ந்து நிம்மதியாக உறிஞ்சினால் அது நல்ல பதிவு. குத்திய பத்து செகண்டில் வாயை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டால், பசை சரியில்லை, பூச்சிக்குத் தொந்தரவு, பதிவு செல்லாது. இயக்குநர் பதவிக்கு வந்த முதல் வாரத்தில் போட்ட விதி. பூச்சியக்கா கைநேர்த்திக்காரி, தன் பசையைத் தானே குறை சொல்லிக்கொண்டு, பதினோரு வருஷமாக அப்படிப்பட்ட பதிவுகளையெல்லாம் அச்செடுத்து அந்த இழுப்பறைக்குள் அடைத்துவந்தாள். நாலாயிரம் தாள்கள் சேர்ந்திருந்தன. அதில் பெரும்பாதி இறக்கை உள்ள, வேறு செடியில் வாழும் அசுவினிகள்.

அவை கோளாறு இல்லை. அவை ருசி பார்த்தவை.

அசுவினிக்கு மேலேயிருந்து பார்த்தால் பச்சை எல்லாம் ஒன்றுதான். இறங்கி, ஒரு குத்துக் குத்தி, நுனிநாக்கில் வைத்துப் பார்த்தால்தான் இது தன் வீட்டுச் சாப்பாடா என்று தெரியும். இல்லையென்றால் அடுத்த செடி. அங்கேயும் இல்லையென்றால் அதற்கடுத்தது. பழக்கடையில் எதையும் வாங்காமல் ஒவ்வொரு கூடையிலும் ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு நகர்வாரே, அந்த ஆசாமிதான். தேமல் கிருமியோ பூச்சியின் வயிற்றுக்குள்கூடப் போவதில்லை. ஊசி வாயின் நுனியில் எச்சிலோடு எச்சிலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நோயுள்ள செடியில் ஒரு குத்து, பக்கத்துச் செடியில் ஒரு குத்து. எச்சில் கரண்டியை எல்லாப் பாத்திரத்திலும் விட்டுத் துழாவிய கதை.

மறுநாள் இயக்குநரிடம் போய் அந்த இழுப்பறையைத் திறக்க வேண்டும் என்றாள். அது குப்பை என்றார் அவர். குப்பைதான், ஆனால் நானும் நீங்களும் சேர்ந்து போட்ட குப்பை என்றாள். பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடித்துவிட்டு, மதிய இடைவேளையில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு மாதம் பூச்சியக்கா மத்தியானத்தில் சாப்பிட்டது கோடுகளைத்தான்.

பிறகு அறுபது நாற்றுகளை வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்தாள். முப்பது அசுவினிகளை நோயுள்ள இலையில் ஒரு வாய் குத்தவைத்து நேராக நல்ல நாற்றில் விட்டாள். இன்னொரு முப்பதை நோயுள்ள இலையிலிருந்து எடுத்து முதலில் மக்காச்சோள இலையில் ஒரு வாய், அப்புறம் நல்ல நாற்றில். மூன்று வாரம் கழித்து முதல் முப்பதில் பத்தொன்பது நாற்றுக்குத் தேமல். சோளத்தில் குத்திவிட்டு வந்த முப்பதில் இரண்டு. சோளத்துக்கு அந்த நோய் பிடிக்காது. ஊசி வாயில் ஒட்டியிருந்த எச்சிலை அது துடைத்து வாங்கிக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம் போய், மூன்றாவது பருவத்தில் தோட்டத்தைச் சுற்றி நாலு வரிசை மக்காச்சோளம் விதைக்கச் சொன்னாள். நாற்று நடுவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே விதைக்க வேண்டும், சோளம் வளர்ந்து நின்றால்தான் வருகிறவர்கள் முதலில் அதில் இறங்கி வாயைத் துடைத்துக்கொள்வார்கள். மருந்து அடிக்கவே கூடாது.

மாப்பிள்ளை, சோளத்தில் வாயைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருமா, செருப்பையும் வெளியே கழற்றிப் போடுமா என்று கேட்டான். தங்கை சிரிப்பை அடக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருந்து அடித்தால் பூச்சி சாகத்தானே செய்கிறது, அதில் என்ன தப்பு என்றான்.

"சாகும் மாப்ள. சாகறதுக்கு அதுக்குப் பத்து நிமிஷம் வேணும். குத்தறதுக்குப் பத்து செகண்டு போதும். மருந்து பட்டதும் எரிச்சல்ல ஒரு எடத்துல நிக்காது, செடி செடியா ஓடிக் குத்திட்டுத்தான் சாகும். நீங்க கொன்னது நெசம். கொல்றதுக்கு முன்னாடி அதுக்குத் தோட்டத்தச் சுத்திக் காட்டிட்டுக் கொன்னிருக்கீங்க."

அவன் அதற்கும் மசியவில்லை. மசியவைத்தது வேறு. இதையெல்லாம் பதினோரு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று அவன் கேட்டதற்கு, அவள் இழுப்பறைக் கதையைச் சொல்லிவிட்டாள். பதில் கண்முன்னால் வந்து விழுந்ததையெல்லாம் கோளாறு என்று சீட்டு ஒட்டி மூடினோம் என்று, ஒன்றையும் பூசி மெழுகாமல், நாலாயிரம் தாளையும் ஒப்புக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. லாரிக்கு ஆறு புது டயர் ஒரே நாளில் கிடைத்ததுபோல முகம் மலர்ந்தது. முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்ளும் ஆளை அவன் அதுவரை பார்த்ததில்லை. ஒரு பக்கம் மட்டும் தருகிறேன் என்றான். சாலைக்கு மேற்கே உள்ள ஏக்கரில் அக்காவின் சோளம், மருந்து இல்லை. கிழக்கே உள்ள ஏக்கரில் சோளம் இல்லை, அவனுடைய மருந்து. எது பிழைக்கிறதோ பார்க்கலாம்.

விதைக்க வேண்டிய நாளில் அவன் மறந்துவிட்டான், அல்லது மறந்ததுபோல இருந்தான். தங்கை போய் நாலு வரிசையையும் தனியாளாக விதைத்தாள்.

சோளம் ஆளுயரம் வந்தது. மிளகாய் பூவெடுத்தது. அப்புறம் அக்கம்பக்கத்து அவரைத் தோட்டங்கள் காய்ந்து அறுப்பு தொடங்க, இறக்கை முளைத்த அசுவினிகள் வீடு தேடிக் கிளம்பின. மேற்கு ஏக்கரில் ஒரு மஞ்சள் தட்டு வைத்துப் பூச்சியக்கா தினமும் சாயங்காலம் எண்ணினாள். சராசரி இருபத்தைந்து. பன்னிரண்டரை நாள் அந்த ஊர்வலம் நடந்தது. பதின்மூன்றாம் நாள் மத்தியானம் மழை அடித்துக் கழுவிவிட்டது.

மழை விட்ட நாலாம் நாள் காலையில் மாப்பிள்ளை சோளத்துக்குள் போனவன், போன வேகத்தில் திரும்பி ஓடிவந்தான். சோள இலையெல்லாம் அசுவினி. அடுக்கடுக்காக, கூட்டம் கூட்டமாக, மேலே பிசுபிசுவென்று தேன்போல ஒழுகிக்கொண்டு, எறும்பு வரிசை வேறு. பூச்சிக்கு ஒரு மண்டபமே கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. மருந்துக் கேனை முதுகில் மாட்டிக்கொண்டு, குழாயைக் கையில் எடுத்தால், அதன் மூக்கைக் காணோம். மருந்தைப் பூந்தூறலாக விசிறுகிற சின்னப் பித்தளை மூக்கு. அது இல்லாமல் அடித்தால் பூனை மூத்திரம்போலத்தான் ஒழுகும்.

வீடு முழுக்கத் தேடினான். மெத்தையைப் புரட்டினான். தங்கையும் கூடவே, அவனைவிடச் சுறுசுறுப்பாகத் தேடினாள். அது சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தது. டீக்குச் சர்க்கரையே போட்டுக்கொள்ளாத மனுஷன் கடைசிவரை திறக்காத ஒரே டப்பா அது.

போன் போனது. பூச்சியக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சோளத்தில் உள்ளவை சோளத்திலேயே பிறந்து சோளத்திலேயே சாகிற ஜாதி, மிளகாயைத் திரும்பிப் பார்க்காது என்றாள். அதைத் தின்ன வந்த பொறிவண்டுகளைக் காட்டினாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. கேன் முதுகில் இருக்க, தோட்டத்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். இந்த ஏக்கரும் போனால் அடுத்த மாதம் எந்த ஊர்ச் சுங்கச்சாவடியில் நிற்போம் என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது. தங்கை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூச்சியக்காதான் பேசினாள்.

"அடிக்கறதுன்னா அடிங்க மாப்ள. மூக்கு நான் வாங்கித் தரேன். ஆனா எண்ணிட்டு அடிங்க."

எண்ணினார்கள். பத்தாவது செடி, இருபதாவது செடி என்று ஒவ்வொரு பக்கத்திலும் நானூறு. கிழக்கே, மருந்தடித்த ஏக்கரில், தேமல் நூற்று அறுபத்து மூன்று. மேற்கே பதினொன்று.

மாப்பிள்ளை கேனைக் கழற்றிக் கீழே வைத்தான். யாரும் கூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் இன்னொருமுறை எண்ணினான். நூற்று அறுபத்தைந்து, பன்னிரண்டு. இரண்டு செடியை அக்கா விட்டுவிட்டாள் என்று கிழக்கே ஒரு குறை, ஒரு செடியை விட்டுவிட்டாள் என்று மேற்கே ஒரு குறை. நம்பினான் என்று நினைக்காதீர்கள். மேற்கு மண் நல்ல மண் என்றான். காற்று அந்தப் பக்கமாக அடிக்கிறது என்றான். நாற்று வேறு தட்டிலிருந்து வந்தது என்றான். ஒரு மணி நேரத்தில் ஏழு காரணம் சொன்னான். எட்டாவதைத் தேடும்போது பசி வந்துவிட்டது.

சமையலறை மேஜையில் பூச்சியக்கா மருந்துப் பொட்டலத்தோடு வந்த சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். தட்டு ஒன்றுக்கு இருபத்தைந்து. ஓர் ஏக்கரில் ஓர் அடித் தட்டு ஏறக்குறைய நாற்பதாயிரம் வைக்கலாம். நாளைக்குப் பத்து லட்சம். பன்னிரண்டரை நாள். ஒன்றேகால் கோடி.

அவன் சாதத்தில் கை வைத்தபடியே சண்டைக்கு வந்தான். மஞ்சள் தட்டைத் தேடி வந்து விழுகிற பூச்சியை வைத்து ஏக்கர் முழுக்கப் பெருக்குவது ஊரை ஏமாற்றும் வேலை. அந்த அரை நாள் எங்கேயிருந்து வந்தது? அந்த அரை நாள் மழை பெய்ததை நீங்களும் பார்த்தீர்களே என்றாள் அவள். இத்தனை பூச்சிக்கு அக்கா வாய் துடைத்தாள் என்று வெளியே சொன்னால், தன்னைக் கல்லால் அடிப்பார்கள் என்று அவன் முடித்தான். மேற்கு மண் நல்ல மண் என்பதில் உறுதியாக நின்றான்.

பிறகு மூன்று வாரம் மேற்கு ஏக்கரில் காய் பறித்தார்கள். காய் என்றால் காய். கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்றுதான் தூக்க முடிந்தது. கிழக்கு ஏக்கரைப் பிடுங்கிப் போட்டு உழுதான். உழுத இடத்தைச் சுற்றி நாலு வரிசை மக்காச்சோளம் விதைத்தான். எதற்கு என்று தங்கை கேட்டாள். சும்மா கிடக்கிற நிலத்தில் மாட்டுத் தீவனம் கிடைக்கட்டுமே என்றான். அவனிடம் மாடு கிடையாது.

பதில் கேட்க முதலாளி போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, பூச்சியக்காவும் தங்கையும் சமையலறையில் இருந்தார்கள். அவன் போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். அந்தக் கதவு சாத்தினாலும் சாத்தாத கதவு. நாலு விரற்கடை இடைவெளி நிற்கும். தங்கை அடுப்பை அணைத்தாள். பூச்சியக்கா தங்கக்கம்பி ஒட்டும்போது பிடிப்பதுபோல மூச்சைப் பிடித்தாள்.

முதலில் நலம் விசாரிப்பு. அப்புறம் வண்டி, அப்புறம் புதிதாக வந்திருக்கும் பாதை. அவன் உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் வரமாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டிருப்பார். நிலம் கைகொடுத்துவிட்டது என்றான். எப்படி என்று கேட்டிருப்பார். மாப்பிள்ளை மண்ணைச் சொல்வான், காற்றைச் சொல்வான் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"சோளம் போட்டோம்ண்ணே. இல்ல, விக்கறதுக்கு இல்ல. பூச்சிங்க வாய் துடைக்கறதுக்கு."

மறுமுனையில் முதலாளி சிரித்த சிரிப்பு சமையலறைவரை கேட்டது. அவரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். அவர் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் குரல் உயர்ந்தது.

"சிரிக்காதீங்கண்ணே. ஒன்னேகால் கோடிப் பூச்சி. எங்கக்காதான் துடைச்சாங்க. நானே ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், நடந்துச்சு."